உங்க கிளப் நிஜமாவே கவுந்துருச்சா, எழுந்துருச்சா? போர்ட்ஸ்மவுத்தை வச்சு கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம ஃபுட்பால் கிளப் நாலு மேட்ச் தொடர்ந்து தோத்தா போதும், குரூப்ல ஒருத்தர் "அவ்ளோதான், கிளப் முடிஞ்சுது"ன்னு போடுவாரு. அடுத்த மாசம் ரெண்டு மேட்ச் ஜெயிச்சதும் அதே ஆளு "நாங்க வந்துட்டோம்"னு கொடி பிடிப்பாரு. ரெண்டையும் நம்பாதீங்க. டீம் ஃபார்ம் போறதும் கிளப்பே கவுறதும் ஒண்ணு கிடையாது, ஃபார்ம் போனா கோச்சை மாத்தினா கூட சரியாயிடும், கிளப் கவுந்தா பத்து பதினஞ்சு வருஷம் எழுந்திரிக்க முடியாது.

இதை எப்படி பிரிச்சு பாக்கிறதுன்னு தான் சொல்லப் போறேன். லீக் டேபிளை கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு, சம்பளத்துக்கு எவ்ளோ போகுது, யார் யாருக்கு கடன் பாக்கி, கிரவுண்டு யார் கையில இருக்கு, ஓனர் யாரு அவர் காசு எங்கிருந்து வருது, இதை மட்டும் தேடுங்க. கத்துக்கிறதுக்கு போர்ட்ஸ்மவுத் மாதிரி ஒரு கேஸ் கிடைக்காது, ஏன்னா கவுறதுல இருக்க எல்லா ஸ்டேஜையும் ஒரே கிளப் பாத்திருக்கு, அதுவும் கோர்ட் வரைக்கும் போனதால எல்லாமே பொதுவெளியில கிடக்கு. இங்கிலாந்தோட தென்கரையில இருக்க நேவி ஊரு. 2008ல இங்கிலாந்தோட பெரிய நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப் ஜெயிச்சாங்க, அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு 2013ல நாலாவது டிவிஷன்ல இருந்தாங்க. அங்கிருந்து மூணாவதுக்கு ஏற 2017 ஆச்சு, ரெண்டாவதுக்கு வர 2024 ஆச்சு.

(இங்கிலாந்து அடுக்கு தெரியாதவங்களுக்கு: மேல பிரீமியர் லீக், அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப், அப்புறம் லீக் ஒன், கடைசியா லீக் டூ. அதுக்கும் கீழ போனா நான்-லீக். "லீக் ஒன்"னா மூணாவது டிவிஷன், அது ஏன் அப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க.)

கப் தூக்கின வருஷத்துல இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் ரெலிகேஷன் ஆன, அதாவது கீழ டிவிஷனுக்கு இறங்கின வருஷத்துல இருந்து கதையை ஆரம்பிப்பாங்க. நீங்க நல்லா ஆடின வருஷத்தோட கணக்கை எடுங்க. நோய் அப்பவே உள்ள இருக்கும்.

2007-08 சீசன்ல போர்ட்ஸ்மவுத் பிரீமியர் லீக்ல 8வது இடம், 2008 மே 17 வெம்ப்ளியில கார்டிஃப் சிட்டியை 1-0ன்னு அடிச்சு எஃப்ஏ கப், கோல் போட்டது நம்ம கானு. கோல்ல டேவிட் ஜேம்ஸ், டிஃபென்ஸ்ல கேப்டன் சோல் கேம்ப்பெல், நடுவுல லசானா டியாரா, சுல்லி முன்டாரி, கோச்சு ஹாரி ரெட்னாப். பேரைப் பாத்தா பெரிய கிளப் மாதிரி தான் இருக்கும். இப்ப ஆடுற இடத்தைப் பாருங்க. ஃப்ராட்டன் பார்க், வீடுகளுக்கு நடுவுல இடுக்கி கட்டின பழைய கிரவுண்டு, முகப்பு பழைய காலத்து மரச்சட்டம் போட்ட வீடு மாதிரி இருக்கும், சுமார் 20,000 பேர் தான் உக்கார முடியும். டிக்கெட்ல வர்ற காசுக்கு ஒரு கூரை இருக்குல்ல, அந்தக் கூரைக்கு இந்த ஸ்குவாட் பொருந்துதான்னு கேட்டுப் பாருங்க, பொருந்தாது.

அந்த வருஷம் கிளப்போட மொத்த வருமானம் கிட்டத்தட்ட 7 கோடி பவுண்டு, அதுல சம்பளத்துக்கே 5 கோடியே 40 லட்சத்துக்கு மேல போச்சு. முக்கால் பங்குக்கும் மேல. அதுக்கு அப்புறம் ட்ரான்ஸ்பர் தவணை (மத்த கிளப்புகிட்ட பிளேயர் வாங்கினதுக்குக் கட்டுறது), வங்கி வட்டி, கரண்ட் பில்லு, போலீஸ் செலவு எல்லாம் இருக்கு. மிச்சத்தை அப்போதைய ஓனர் அலெக்ஸாண்டர் கேடமாக் கடனாவும் வங்கிக் கடனாவும் போட்டு ஓட்டினாரு. அதாவது கப் ஜெயிச்சதே கடன்ல தான்.

இதுக்கு ஒரு அளவுகோல் வச்சுக்கங்க. சம்பளம் வருமானத்துல 60 சதவீதம் பக்கம்னா நிம்மதி. 70 தாண்டினா கவனிக்கணும், ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுஏஃபாவே இப்ப ஸ்குவாட் செலவுக்கு 70 தான் எல்லைன்னு வச்சிருக்கு. 80, 90ன்னு போனா யாரோ ஒருத்தர் பாக்கெட்ல இருந்து தான் கிளப் மூச்சு விடுதுன்னு அர்த்தம், அந்த ஆளு போனா என்ன ஆகும்னு இப்பவே யோசிக்கணும்.

கணக்கு எங்க கிடைக்கும்? இங்கிலீஷ் கிளப்னா வேலை சுலபம். கம்பெனீஸ் ஹவுஸ்னு அரசாங்க வெப்சைட், கிளப்போட கம்பெனி பேரைப் போட்டா வருஷ கணக்கு பிடிஎஃப்பா இலவசமா வரும், லாகின் கூட வேணாம். பேரு மட்டும் கொஞ்சம் குழப்பும், ஒரு கிளப்புக்கு ரெண்டு மூணு கம்பெனி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும், ஹோல்டிங் கம்பெனின்னு ஒண்ணு, கிளப் கம்பெனின்னு ஒண்ணு, சில சமயம் கிரவுண்டுக்குன்னு தனியா ஒண்ணு. மூணையும் திறந்து பாருங்க. கணக்கு முடிஞ்சு ஒன்பது மாசத்துக்குள்ள தாக்கல் பண்ணணும்னு விதி, கெடு தாண்டியும் கணக்கு வரலைன்னா அதுவே ஒரு சேதி.

விக்கிறது தப்பில்ல, வித்த காசு எங்க?

2008 சம்மர்ல முன்டாரி இன்டர் மிலானுக்குப் போனாரு. அக்டோபர்ல ரெட்னாப் டாட்டன்ஹாமுக்குப் போனாரு. நவம்பர் 27, ஐரோப்பிய கிளப்புகளோட போட்டியான யுஏஃபா கப்ல ஃப்ராட்டன் பார்க்குக்கு ஏசி மிலான் வருது, கபூல் ஒண்ணு கானு ஒண்ணுன்னு 2-0 லீடு, கடைசி நேரத்துல ரொனால்டின்ஹோ ஃப்ரீ கிக்ல ஒண்ணு, இன்ஜுரி டைம்ல இன்சாகி ஒண்ணு, 2-2. அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் பேசுற ராத்திரி அது. ஆனா கிளப் உள்ளுக்குள்ள அப்பவே கரைய ஆரம்பிச்சிருச்சு. உலகப் பொருளாதாரம் அந்த வருஷம் தான் சரிஞ்சுது, வங்கி கடனைத் திருப்பிக் கேட்டுது, ஓனருக்கு இனிமே காசு போட மனசும் இல்ல வழியும் இல்ல.

ஜனவரி 2009ல டீஃபோ டாட்டன்ஹாமுக்கு, டியாரா ரியால் மாட்ரிட்டுக்கு. சம்மர்ல க்ளென் ஜான்சன் லிவர்பூலுக்கு, க்ரவுச்சும் க்ரான்ச்சாரும் டாட்டன்ஹாமுக்கு. பிளேயரை விக்கிறதை மட்டும் பாத்து பயப்பட வேண்டியதில்ல, பிரைட்டன் வருஷா வருஷம் விக்குது, அந்தக் காசுல அடுத்த ஆளை வாங்கி வளருது. விக்கிறாங்க, ஆனா அதுக்கு அப்புறமும் சம்பளம் லேட் ஆகுதுன்னா தான் ஓட்டை பெருசுன்னு அர்த்தம். 2009-10ல இங்க அதான் நடந்துச்சு, பிளேயர்ஸுக்கு சம்பளம் ஒரு தடவை இல்ல, பல தடவை தள்ளிப் போச்சு. மத்த கிளப்புக்கு குடுக்க வேண்டிய ட்ரான்ஸ்பர் தவணை பாக்கி இருந்ததால பிரீமியர் லீக்கே போர்ட்ஸ்மவுத்துக்கு வர வேண்டிய டிவி காசை நிறுத்தி நேரா அந்த கிளப்புகளுக்குக் குடுத்துருச்சு.

சின்ன சின்ன விஷயத்தையும் விடாதீங்க, பெரிய அறிக்கையெல்லாம் வக்கீல் எழுதுறது, சின்ன விஷயத்துல தான் உண்மை கசியும். 2010 பிப்ரவரியில கிளப்போட வெப்சைட்டே டவுன் ஆச்சு, அதை நடத்துற கம்பெனிக்கு காசு குடுக்கல. வருமான வரித்துறை கிளப்பையே இழுத்து மூடச் சொல்லி கோர்ட்டுக்குப் போச்சு. வரி பாக்கின்னு செய்தி வந்தாலே உஷாராகுங்க, கையில காசு இல்லாத கம்பெனி எப்பவும் முதல்ல நிறுத்துறது வரியைத் தான்.

ஓனர் மாறுற வேகத்தைப் பாருங்க

அந்த ஒரே சீசன்ல போர்ட்ஸ்மவுத்துக்கு நாலு ஓனர். கேடமாக், அவர்கிட்ட இருந்து ஆகஸ்ட் 2009ல சுலைமான் அல் ஃபஹீம், அவர் கையில ஆறு வாரம் கூட நிக்கல, அக்டோபர்ல அலி அல் ஃபராஜ்னு ஒருத்தர், அவரை ஊர்ல யாரும் பாத்ததே இல்ல. அல் ஃபராஜுக்கு கடன் குடுத்திருந்த பல்ராம் சாய்ன்ராய்னு ஹாங்காங் பிசினஸ்காரர், கடன் திரும்பி வராததால பிப்ரவரி 2010ல கிளப்பையே எடுத்துக்கிட்டாரு.

இந்தக் கடைசி வரியில தான் பாடம் இருக்கு. கிளப்பை ஆசைப்பட்டு வாங்குற ஓனர் ஒரு வகை, கடனுக்கு ஈடா கிளப்பு கையில வந்து விழுந்த ஓனர் இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்கு ஒரே குறி தான், போட்ட காசை எடுக்கணும். அவரைத் திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல, கடன் குடுத்தவன் கேக்கத் தான் செய்வான். ஆனா அவரை நம்பி அஞ்சு வருஷ கனவு காணாதீங்க.

புது ஓனர் வந்தா கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு தான். கிளப்பை வாங்கின காசு சொந்தக் காசா கடனா? போடுற காசு கிளப்புக்கு கடனா போகுதா ஷேரா போகுதா? கடனா போனா, நாளைக்கு அவரு கோவிச்சுக்கிட்டு கிளம்புறப்ப அந்த மொத்தத் தொகையும் கிளப் தலையில நிக்கும். கணக்குல "ஓனருக்குத் தர வேண்டியது"ங்கிற தொகை வருஷா வருஷம் ஏறுதான்னு பாத்தா தெரிஞ்சிரும்.

அட்மினிஸ்ட்ரேஷன்: கடன் லிஸ்ட்டை எப்படி படிக்கணும்

2010 பிப்ரவரி 26ல போர்ட்ஸ்மவுத் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போச்சு, பிரீமியர் லீக்ல இருக்கும்போதே அப்படிப் போன முதல் கிளப். அட்மினிஸ்ட்ரேஷன்னா கம்பெனியை கோர்ட் பாதுகாப்புல வச்சு, வெளியாள் ஒருத்தர் வந்து சாவியை வாங்கிக்கிட்டு, கடன்காரங்களை வரிசையில நிக்க வச்சு, யாருக்கு எவ்ளோ தரலாம்னு பேரம் பேசுறது. எண்பதுக்கு மேல ஊழியர்களை முதல்ல வீட்டுக்கு அனுப்பினாங்க, ஆபீஸ்ல வேலை செஞ்சவங்க, கடையில நின்னவங்க. பிளேயர்ஸ் காண்ட்ராக்ட்டைத் தொட முடியாது.

கொஞ்ச நாள்ல கடன்காரங்க லிஸ்ட் வெளிய வரும். அந்த லிஸ்ட்டை கண்டிப்பா தேடிப் படிங்க, கிளப்பைப் பத்தி எந்த இன்டர்வியூவும் அவ்ளோ சொல்லாது. போர்ட்ஸ்மவுத் லிஸ்ட்ல மொத்தம் கிட்டத்தட்ட 12 கோடி பவுண்டு கடன் (பின்னாடி அது இன்னும் ஏறுச்சு). மேல வங்கி, பழைய ஓனர், வரித்துறை, மத்த கிளப்புகள்னு கோடிக் கணக்குல. கீழ போகப் போக சின்ன ஆளுங்க. மேட்ச் அன்னைக்கு கிரவுண்டுல மயங்கி விழுறவங்களுக்கு முதலுதவி பண்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், அது தர்ம ஸ்தாபனம், அவங்களுக்கு பாக்கி 2,702 பவுண்டு. வாரத்துக்கு பத்தாயிரக் கணக்குல சம்பளம் குடுத்த கிளப் இதைக் குடுக்கல.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா தான் மத்ததெல்லாம் புரியும். இங்கிலாந்துல ஃபுட்பால் கடன் முதல்ல, முழுசா கட்டணும்னு லீக் விதி. அதாவது மத்த கிளப்புக்குத் தர வேண்டிய ட்ரான்ஸ்பர் காசு, பிளேயர் சம்பளம், இதெல்லாம் ஒரு பைசா குறையாம குடுத்தா தான் லீக்ல ஆட விடுவாங்க. மத்தவங்க, அதாவது ஊர்ல கடை வச்சிருக்கவர், பிளம்பர், ஆம்புலன்ஸ், அந்த நேரத்துல வரித்துறையும் கூட, எல்லாரும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கணும். போர்ட்ஸ்மவுத்ல பவுண்டுக்கு 20 பென்ஸ் தரோம்னு ஒப்பந்தம் போட்டாங்க, அதையும் உடனே இல்ல, தவணையில. வரித்துறை கோர்ட்டுக்குப் போய் எதிர்த்துச்சு, தோத்துச்சு. ஃபுட்பால் உலகம் தன் ஆளுங்களை மட்டும் காப்பாத்திக்கிச்சுன்னு தான் நான் சொல்லுவேன். அதனால "கிளப் அட்மினிஸ்ட்ரேஷன்ல இருந்து வெளிய வந்துருச்சு"ன்னு செய்தி வந்தா கடன் தீந்துருச்சுன்னு நினைக்காதீங்க, யாரோட கடன் தீந்துச்சு யாரோடது அடிபட்டுச்சுன்னு பாருங்க.

வெட்டின பாயிண்ட்டை திரும்பக் கூட்டிப் பாருங்க

டேபிளை ஓரமா வைங்கன்னு சொன்னேன்ல, இப்ப எடுங்க. அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போற கிளப்புக்கு லீக் தண்டனையா பாயிண்ட்டை வெட்டும், அதைத் திரும்பக் கூட்டினா, கிளப் கவுந்தது ஆட்டத்தாலயா கணக்காலயான்னு பளிச்சுனு தெரியும்.

2009-10: 9 பாயிண்ட் வெட்டு. 19 பாயிண்ட்ல கடைசி இடம். திரும்பக் கூட்டினா 28, அப்பவும் கடைசி இடம் தான், மேல இருந்த ஹல்லும் பர்ன்லியும் 30. ஆக வெட்டினதால இறங்கல, டீமே வித்துப் போச்சு. (இதே சீசன்ல எஃப்ஏ கப் செமில ரெட்னாப்போட டாட்டன்ஹாமை 2-0 அடிச்சு ஃபைனல் போனாங்க, செல்சிகிட்ட 1-0 தோத்தாங்க. ஜெயிச்சிருந்தாலும் ஐரோப்பிய போட்டிக்குப் போயிருக்க முடியாது, அதுக்கான லைசென்ஸ் இல்ல. கப் ரன்னை வச்சு கிளப் ஆரோக்கியத்தை அளக்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.)

2011-12, சாம்பியன்ஷிப்: 10 பாயிண்ட் வெட்டு. 40 பாயிண்ட்ல 22வது, கீழ போயிட்டாங்க. திரும்பக் கூட்டினா 50, பிரிஸ்டல் சிட்டி 49ல தப்பிச்சுது, பார்ன்ஸ்லி 48ல தப்பிச்சுது. அப்ப இவங்களும் தப்பிச்சிருப்பாங்க. கிரவுண்டுல ஆடினவங்க வேலையை முடிச்சுட்டாங்க, ஆபீஸ்ல இருந்தவங்க கவுத்துட்டாங்க.

2012-13, லீக் ஒன்: இன்னொரு 10. 32 பாயிண்ட்ல கடைசி. திரும்பக் கூட்டினாலும் 42, லீக் ஒன்ல நாலு டீம் இறங்கும், அப்பவும் இறங்கியிருப்பாங்க.

பாருங்க, மூணு தடவை வெட்டு, மூணு ரெலிகேஷன், ஆனா வெட்டு நேரடியா கவுத்தது நடுவுல இருந்த ஒண்ணை மட்டும். "பாயிண்ட் வெட்டினதால தான் எங்க கிளப் நாசமாச்சு"ன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

காப்பாத்த வந்தவரே ரெண்டாவது தடவை கவுக்கலாம்

2011 ஜூன்ல விளாடிமிர் அன்டோனோவ்னு ரஷ்ய வங்கிக்காரரோட கம்பெனி கிளப்பை வாங்குச்சு. ஊரே மூச்சு விட்டுச்சு, பிளேயர்ஸ் வாங்கினாங்க, நல்ல சம்பளம் பேசினாங்க. நவம்பர்ல லித்துவேனியா அரசாங்கம் அவரோட ஸ்னோராஸ் வங்கியைக் கையில எடுத்துச்சு, அவரை லண்டன்ல கைது பண்ணாங்க, அவரோட கம்பெனி கவுந்துச்சு. ஜனவரியில வரித்துறை மறுபடி கோர்ட்டு, பிப்ரவரி 2012ல ரெண்டாவது அட்மினிஸ்ட்ரேஷன். ரெண்டு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை.

அந்த நல்ல சம்பளம் தான் இப்ப தூக்குக் கயிறு. பிரீமியர் லீக் ரேட்ல பேசின காண்ட்ராக்ட் எல்லாம் மூணாவது டிவிஷனுக்கும் கூட வருது, அதைத் தான் ஃபுட்பால் கடன் முழுசா கட்டணும்னு சொன்னேன். 2012 சம்மர் பூரா அட்மினிஸ்ட்ரேட்டர் ட்ரெவர் பர்ச் ஒவ்வொரு சீனியர் பிளேயர்கிட்டயும் உக்காந்து பேரம் பேசுறாரு, இவ்ளோ வாங்கிக்கிட்டு காண்ட்ராக்ட்டை முடிச்சுக்கங்கன்னு. கடைசி ஆள் ஒத்துக்கிட்டது ஆகஸ்ட் 10. அதுக்கு அடுத்து வந்த கப் மேட்ச்ல பிளிமவுத்துக்கு எதிரா இறங்கினது அகாடமி பசங்க, 3-0 தோல்வி. ஆகஸ்ட் 18 லீக் முதல் மேட்ச், போர்ன்மவுத்கூட, அவசர அவசரமா குறுகிய காண்ட்ராக்ட்ல சேத்த பசங்களை வச்சு 1-1. யாரு பேரு யாருன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

உங்க கிளப் விஷயத்துல இதுக்கு என்ன பண்ணணும்? பிளேயர் காண்ட்ராக்ட்ல ரெலிகேஷன் க்ளாஸ் இருக்கான்னு செய்திகள்ல தேடுங்க, அதாவது கீழ இறங்கினா சம்பளம் தானா குறையும்னு ஒரு வரி. அது இருக்க கிளப் ஒரு டிவிஷன் இறங்கினா நின்னுக்கும், இல்லாத கிளப் அடுத்த டிவிஷனுக்கும் வழுக்கும்.

கிரவுண்டு யார் கையில?

எனக்கு மொத்தத்துல இது தான் பெருசு. பிளேயர் போவான் வருவான், கோச்சு போவாரு வருவாரு, கிரவுண்டு கைவிட்டுப் போச்சுன்னா கிளப்புக்கு ஊரே இல்லாமப் போயிரும்.

கம்பெனீஸ் ஹவுஸ் பக்கத்துல "சார்ஜஸ்"னு ஒரு டேப் இருக்கும். பலரும் கண்டுக்க மாட்டாங்க. கிளப் சொத்து யார்கிட்ட அடமானம் இருக்குன்னு அதுல பேரோட தேதியோட இருக்கும். வீட்டுப் பத்திரம் யார் பீரோவுல இருக்குன்னு பாக்கிற மாதிரி தான். போர்ட்ஸ்மவுத்ல ஃப்ராட்டன் பார்க் மேல அடமானம் வச்சிருந்தது சாய்ன்ராயோட போர்ட்பின் கம்பெனி. அவங்க கேட்ட தொகை 1 கோடி பவுண்டுக்கு மேல. வேற யாரு கிளப்பை வாங்க வந்தாலும் அவங்களைத் தாண்டி வர முடியாது.

அப்ப எதிர்ல நின்னது பாம்பே சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட், ரசிகர்கள் சங்கம். (பாம்பேன்னா நம்ம மும்பை இல்ல, போர்ட்ஸ்மவுத்துக்கு அது தான் செல்லப் பேரு.) ஒரு ஷேர் 1,000 பவுண்டுன்னு வச்சு ரெண்டாயிரத்துக்கும் மேல ஆளுங்ககிட்ட வாங்கினாங்க. தனியா ஆயிரம் போட முடியாதவங்க நண்பர்கள் சேந்து ஒரு ஷேர் எடுத்தாங்க. கூடவே கொஞ்சம் வசதியான ரசிகர்கள் சிலர் பெரிய தொகை போட்டாங்க, சிட்டி கவுன்சில் 14.5 லட்சம் பவுண்டு கடன் குடுத்துச்சு. கிரவுண்டு மதிப்பு எவ்ளோன்னு ஹைகோர்ட்ல மாசக்கணக்கா இழுத்து, 2013 ஏப்ரல் 10ல கோர்ட் வாசல்லயே 30 லட்சத்துக்கு சமரசம் ஆச்சு. பத்து நாள்ல கிளப் ரசிகர்கள் கைக்கு வந்துருச்சு.

இப்படி ஒரு டிரஸ்ட் உங்க ஊர்ல ஆரம்பிக்கிறாங்கன்னா காசு போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க: வாங்க முடியலைன்னா காசு திரும்ப வருமா, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டா இல்ல போட்ட காசுக்கு ஏத்த ஓட்டா, முதல் வருஷ நஷ்டத்துக்குத் தனியா காசு எடுத்து வச்சிருக்காங்களா. கடைசிக் கேள்வி தான் முக்கியம். வாங்குறதுக்கு மட்டும் காசு சேத்துட்டு ஓட்டுறதுக்கு இல்லாம முழிச்சா மூணு மாசத்துல பழைய கதை தான்.

மீட்சி போரடிக்கும், அது நல்ல அறிகுறி

ரசிகர்கள் வாங்கினதும் டீம் பறக்கும்னு எதிர்பாத்தவங்களுக்கு ஏமாற்றம் தான். 2013-14 லீக் டூவுல முதல் மேட்ச்சே ஆக்ஸ்ஃபோர்டுகிட்ட சொந்த கிரவுண்டுல 4-1 தோல்வி. அந்த சீசன் 13வது இடம், அடுத்த சீசன் 16வது. கோச்சுங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, விட்டிங்ஹாம், பார்க்கர், ஆஃபர்டு. டேபிளை மட்டும் பாத்தா கிளப் இன்னும் கீழ தான் போகுதுன்னு எழுதிருவீங்க.

ஆனா அதே நேரத்துல வேற என்ன நடந்துச்சுன்னு பாருங்க. நாலாவது டிவிஷன்ல பத்தாயிரத்துக்கு மேல சீசன் டிக்கெட், மேட்ச்சுக்கு சராசரியா 15,000க்கு மேல கூட்டம். பழைய பிளேயர்ஸுக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் தவணை தவணையா கட்டி 2014லயே முடிச்சுட்டாங்க. வருமானத்துக்குள்ள சம்பளம். 2015ல பால் கூக் வந்தாரு, 2016ல ப்ளேஆஃப் (மேல ஏறுறதுக்கான கடைசி ஒரு இடத்துக்கு நடக்கிற மேட்ச்சுகள்) செமில பிளிமவுத்கிட்ட தோத்தாங்க, 2017ல ஏறினாங்க.

அந்த 2017 கடைசி நாளை மட்டும் சொல்லிடறேன், சொல்லாம போனா மனசு கேக்காது. புரமோஷன் ஏற்கனவே நாட்ஸ் கவுண்டியில உறுதியாயிருச்சு, சாம்பியன் யாருன்னு தான் பாக்கி. மே 6, டாங்காஸ்டர், பிளிமவுத், போர்ட்ஸ்மவுத் மூணு பேருக்கும் வாய்ப்பு. இங்க செல்டன்ஹாமை 6-1 அடிக்கிறாங்க, அங்க பிளிமவுத் கிரிம்ஸ்பியில 1-1, டாங்காஸ்டர் ஹார்ட்டில்பூல்ல 2-1 தோல்வி. பிளிமவுத்தும் இவங்களும் 87 பாயிண்ட், கோல் வித்தியாசத்துல கப். சீசன் பூரா முதல் இடத்துல இல்லாத டீம் கடைசி அரைமணி நேரத்துல ஏறி உக்காந்துச்சு.

ஆக மீட்சியைப் பாக்கிற வரிசை இது தான்: முதல்ல கடன் இறங்கும், அப்புறம் அகாடமி, கிரவுண்டு ரிப்பேர் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செலவு வரும், பாயிண்ட் கடைசியா தான் வரும். பாயிண்ட் முதல்ல வந்தா சந்தேகப்படுங்க, யாரோ கடன் வாங்கி பிளேயர் வாங்குறாங்க.

பணக்காரர் திரும்ப வந்தா

2017லயே டிஸ்னியோட பழைய தலைவர் மைக்கேல் ஐஸ்னர் கேட்டாரு. விலை 56.7 லட்சம் பவுண்டு, மேல 1 கோடி பவுண்டு கிளப்ல போடுறேன்னு உறுதி. டிரஸ்ட் ஷேர் வச்சிருந்தவங்க ஓட்டு போட்டு சுமார் 80 சதவீதம் சரின்னாங்க. ரத்தம் சிந்தி வாங்கின கிளப்பை வித்துட்டாங்களேன்னு இன்னைக்கும் சண்டை நடக்குது. என் கருத்து, வித்ததுல தப்பில்ல, எந்த நிலைமையில வித்தாங்கங்கிறது தான் முக்கியம். 2009ல வித்தப்ப கழுத்துல கத்தி, வாங்க வந்தவன் யாருன்னு கேக்கக் கூட நேரமில்ல. 2017ல கடன் இல்ல, கிரவுண்டு கையில, வேண்டாம்னு சொல்ற தெம்பு இருந்துச்சு. அதனால தான் போடுற காசு கடனா இல்லாம ஷேரா வரணும்னு கேக்க முடிஞ்சுது.

அதுக்கு அப்புறமும் ஜெட் வேகமெல்லாம் இல்ல. லீக் ஒன்ல ஏழு சீசன் உக்காந்திருந்தாங்க. 2019ல வெம்ப்ளியில சண்டர்லாண்டை பெனால்டியில அடிச்சு ஈஎஃப்எல் ட்ராஃபின்னு கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கப், 85,021 பேர் பாத்தாங்க, ஆடின ரெண்டு டீமும் மூணாவது டிவிஷன்! அதே சீசன் ப்ளேஆஃப்ல அதே சண்டர்லாண்டுகிட்ட தோல்வி, அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுகிட்ட பெனால்டியில தோல்வி, அப்புறம் 8, 10, 8ன்னு மூணு சீசன். ரசிகர்கள் கடுப்பானாங்க, காசு போடுங்கன்னு கத்தினாங்க. ஓனர் அசரல. கிரவுண்டோட பழைய கேலரிகளை சரி பண்றதுக்கு செலவு பண்ணிக்கிட்டிருந்தாரு. 2024 ஏப்ரல் 16ல பார்ன்ஸ்லியை 3-2 அடிச்சு, ஜான் முஸின்ஹோ கோச்சா இருக்கப்ப, சாம்பியன், சீசன் முடிவுல 97 பாயிண்ட். 2024-25 சாம்பியன்ஷிப்ல 16வது, இறங்காம நின்னாங்க.

இப்ப நீங்க பண்ண வேண்டியது ஒண்ணு பாக்கி. சாம்பியன்ஷிப் தான் இங்கிலாந்துலயே மோசமான டிவிஷன், மேல போற ஆசையில வருமானத்தைத் தாண்டி சம்பளம் குடுக்கிற கிளப் அங்க நிறைய, 100 சதவீதத்துக்கு மேல எல்லாம் சர்வ சாதாரணம். அதனால போர்ட்ஸ்மவுத்தோட கணக்கு ஒவ்வொரு வருஷமும் வந்ததும் சம்பளத் தொகையையும், "ஓனருக்குத் தர வேண்டியது"ங்கிற தொகையையும், அந்த சார்ஜஸ் டேப்பையும் மட்டும் திறந்து பாருங்க, பத்து நிமிஷ வேலை. அதையே உங்க கிளப்புக்கும் பண்ணுங்க, இந்த சீசன்ல எத்தனாவது இடத்துல இருந்தாலும் சரி.